மலைநாட்டில் பெயரிழந்த ரோஜாக்கள்

1867ஆம் ஆண்டு என்றதும் மலைநாட்டு மக்களுக்குத் தேயிலை நினைவுக்கு வரும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அவ்வாண்டில்தான். ரோஜாவின் வரலாற்றிலும் அதுவே எல்லைக்கல். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான கில்லோ ‘லா பிரான்ஸ்’ என்னும் புதுவகை ரோஜாவை அவ்வாண்டில் வெளியிட்டார். அதற்கு முன்பே தோன்றியிருந்த குலங்களைச் சேர்ந்தவற்றையே பழந்தோட்ட ரோஜாக்கள் என வகுத்துள்ளது அமெரிக்க ரோஜாச் சங்கம்.

அக்குலங்களுள் ஒன்றின் பெயரே தேயிலை ரோஜா. தேயிலைச் செடியைப் போலவே இதன் முன்னோரும் சீனத்தவையே. அதன் மணம் தேயிலையை ஒத்திருப்பதாகக் கருதி ஐரோப்பியர் இப்பெயரை இட்டனர். அவ்வொப்புமை தமக்குப் புலப்படவில்லை என்பாரும் உளர். தேயிலை ஆலையின் வாசனையில் வளர்ந்த ஹட்டன் மக்களே இவ்வழக்கைத் தீர்க்கத் தக்கவர்! கடுங்குளிர் தாங்காத இச்செடியை இங்கிலாந்தில் பெரும்பாலும் கண்ணாடி மனைக்குள் வைத்துக் காத்தனர். 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலோ அது திறந்த வெளியிலேயே தழைக்கும்.

துரைமார் தம் பங்களாக்களைச் சூழ ரோஜாக்களை வளர்ப்பித்தனர். குழி வெட்டியும் உரமிட்டும் கவாத்துச் செய்தும் அவற்றைக் காத்தவர் தோட்டத் தொழிலாளரே. செடியின் பெயர் துரையின் குறிப்பேட்டில் இருந்தது. எந்தக் கிளையை எப்போது வெட்டுவது என்னும் அறிவு தோட்டக்காரரின் கையில் இருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பங்களாக்கள் சில விடுதிகளாயின. பூந்தோட்டத்தைப் புதுப்பிக்கும்போது பெயரறியாத முதுசெடியே முதலில் பெயர்த்தெறியப்படுகிறது.

அவ்வாறு எறிவதில் உள்ள இழப்பு சிறிதன்று. விதையிலிருந்து எழும் ரோஜா தாய்ச்செடியை அப்படியே ஒத்திராது. வெட்டுத்துண்டாலோ பதியத்தாலோ ஒட்டாலோ மட்டுமே ஒரு வகை மாறாமல் நிலைக்கும். ஆதலின் இறுதிச் செடி அழிந்தால் அவ்வகையே அழிந்ததாகும்.

எனினும் முதுமையைக் கண்டு மட்டும் மகிழ்ந்துவிடுதல் ஆகாது. ஒட்டுச்செடியின் மேற்பகுதி பட்டுப்போக, அடியிலிருந்த காட்டுக்கட்டையே தழைத்திருத்தலும் கூடும். பூவின் நிறம் மட்டும் சான்றாகாது. முள்ளின் வடிவம், இலையடிச் செதில், மொட்டின் காம்பு, காய், மணம் ஆகிய யாவற்றையும் பழைய விவரப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும்.

இத்துறையில் பெர்மூடாத் தீவினர் நல்வழி காட்டியுள்ளனர். 1954இல் அங்கு அமைந்த ரோஜாச் சங்கத்தினர், பெயர் தெரியாச் செடிக்கு ஊகப் பெயர் சூட்டாது, கண்டெடுத்த இடத்தின் பெயராலோ வளர்த்தவர் பெயராலோ வழங்கினர். ‘ஸ்மித்ஸ் பாரிஷ்’ என்னும் ரோஜா அவ்வாறு பெயர் பெற்றதே.

மலைநாட்டுக்கும் இடமுண்டு. அசோகவனக் கதை வழங்கும் சீதா எலியவுக்கு அருகே, சின்கோனா வளர்க்க 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா இன்று ரோஜாவுக்குப் பேர்பெற்றது. ஆயினும் ஒரே இடத்தை நம்புவதினும் மூன்று நான்கு தோட்டங்களில் வளர்ப்பதே காப்பு.

செய்முறையும் எளிது. பூத்து ஓய்ந்த கிளையில் பென்சில் பருமனுள்ள துண்டைச் சாண் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். மேலே இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றை நீக்கி, நிழலில் ஈரமணலில் ஊன்ற வேண்டும். தோட்டம், டிவிஷன், பங்களாவின் எப்பக்கம், வெட்டிய நாள் ஆகியவற்றை அன்றே தகட்டில் கீறிக் கட்டிவிட வேண்டும். தாய்ச்செடியைப் பேணிய முதியவர் உயிரோடிருந்தால், அவர் அதனை அழைக்கும் பெயரும் அத்தகட்டில் இடம்பெற வேண்டும்.