பச்சைக் கட்டம்



வங்கியில் வீட்டுக்கடன் கோப்பு புரட்டிப் பிழைக்கிறவன் நான். பெரிய லே-அவுட் வரைபடம் எதை விரித்தாலும் ஓரத்தில் ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். பூங்கா. சட்டம் வாங்கித் தந்த இடம் அது. சென்னைப் பெருநகரப் பகுதியில் 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய லே-அவுட் என்றால், சாலை போக மிச்சத்தில் 10 விழுக்காட்டைப் பொதுவுக்கு எழுதித் தரணும்.

சூது இங்கேதான் இருக்கு. சேரிக்கு யார் லே-அவுட் போட்டார்கள்? ஒப்புதல் வாங்கிய வரைபடம் இல்லை. ஆகவே பச்சைக் கட்டமும் இல்லை. பூங்காவுக்கு நிதி ஒதுக்கும்போது, "உங்க பக்கம் இடமே இல்லையேப்பா" என்பார்கள். சாதிப் பேரை உச்சரிக்காமலே தீர்மானம் நிறைவேறிடும்.

2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-இல் ஆவடி மாநகராட்சியானது. பெயர்ப்பலகை மாறியது, வரைபடம் மாறலை. 2022-இல் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். அந்த நாற்காலியை நான் குறைச்சு மதிக்கலை. நாற்காலிக்குப் பிறகு நிலத்தைக் கேட்கிறேன்.

வழியும் சட்டத்திலேயே இருக்கு. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள லே-அவுட்டில் இடம் ஒதுக்க முடியாதபோது, அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் சேரியை ஒட்டி நிலம் வாங்கட்டும். 2022 விதிகள் பகுதி சபையைத் தந்திருக்கின்றன. போய் உட்காருங்கள். கட்டிய பணம் எவ்வளவு, வாங்கிய நிலம் எங்கே என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.