அந்த இலை யார் வயலில் பறித்தது?

(கோவில்பட்டி வட்டார ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள் ஏழெட்டு ஆண்டுகளில் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டுக்கு வந்துவிடுகிறார்கள். ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். இன்றைக்குப் பலருக்கும் தலைப்பு செயற்கை நுண்ணறிவுதான். அதிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசையாக எடுப்பது, இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலி. அப்பா மானாவாரியில் உளுந்து விதைத்திருப்பார், இலை மஞ்சளடித்து நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருப்பார்கள். ஆசை நியாயமானது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘துல்லியம் 99 சதவீதம்’ என்று இருக்கும். நமக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். மனதார வாழ்த்துவோம். கூடவே ஒன்று கேட்க வேண்டும்: ‘அந்த இலை யார் வயலில் பறித்தது, தம்பி?’

ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ‘பிளான்ட்வில்லேஜ்’ என்ற படத் தொகுப்பை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள். கணினி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. உலகம் முழுக்க மாணவர்கள் அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள், நம் கல்லூரிகளிலும்தான். ஆனால் அதே ஆய்வுக் கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. வேறிடங்களில் எடுத்த படங்களைக் காட்டியபோது துல்லியம் 31 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். மாணவர் அறிக்கைகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் முதல் எண் மட்டுமே.

2022-இல் இன்னொருவர் வேடிக்கையான சோதனை ஒன்று செய்தார். அதே படங்களில் இலையைக் காட்டவே இல்லை. பின்னணியிலிருந்து 8 புள்ளிகளை மட்டும் எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார். மொத்தம் 38 வகைகள், குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம்தான் சரியாக வரும். கணினியோ 49 சதவீதம் சரியாகச் சொன்னது! இலை கிடந்த மேசையின் நிறமும் அன்றைய வெளிச்சமும் அதற்குக் காட்டிக்கொடுத்துவிட்டன.

நமக்கு இது புதிதல்ல. மாதிரி வினாத்தாளில் இருந்த கேள்வியையே தேர்விலும் கேட்டால் வகுப்பே நூறு வாங்கும். ஒரே செடியைப் பத்துப் படம் எடுத்து, எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் வைப்பதும் அதுதான். ஒரு வயலில் கற்றதை இன்னொரு வயலில் சோதிக்க வேண்டும். ஆசிரியருக்கு இதை விளக்கக் கணினி அறிவு வேண்டியதில்லை.

சரியாகச் செய்தவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு பள்ளமடை வயல்களில் இறங்கி நெற்பயிரைப் படம் பிடித்தது. ‘பேடி டாக்டர்’ என்பது அந்தத் தொகுப்பின் பெயர். எந்த நோய் என்பதை வேளாண் விவரம் தெரிந்தவரின் துணையோடு குறித்தார்கள். 2022-இல் ‘காகிள்’ தளத்தில் போட்டியாக வைத்தபோது, பெயர் குறித்த 10,407 படங்களைப் பயிற்சிக்கும் 3,469 படங்களைச் சோதனைக்கும் கொடுத்தார்கள். குலை நோய், துங்ரோ, குருத்துக் காய்தல் என்று 9 பாதிப்புகள், பத்தாவதாக நலமான பயிர். ஃபாஸ்ட் ஏஐ நிறுவனர்களுள் ஒருவரான ஜெரமி ஹவர்ட் உலக மாணவர்களுக்குப் பாடம் நடத்த அந்தப் போட்டியைத்தான் எடுத்துக்கொண்டார். நம் தாமிரபரணிச் சீமை நெல்லை வைத்து எங்கெங்கோ இருக்கிறவர்கள் படித்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அதில் என்னைக் கவர்ந்தது படங்களோடு வைத்த இரண்டு சிறு குறிப்புகள்: நெல்லின் ரகம், பயிரின் வயது நாள் கணக்கில். ஆடுதுறை 45 என்றும், 60 நாள் என்றும் எழுதியிருக்கிறது. வயலில் நிற்பவருக்குத்தான் இப்படி எழுதத் தோன்றும்.

ஆனால் அது நெல். நம்முடையது கரிசல். பிளான்ட்வில்லேஜில் மக்காச்சோளம் உண்டு. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, பருத்தி எதுவும் இல்லை. கோவில்பட்டியில் 1901-இலிருந்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்டுச் சரிபார்க்க ஆள் உண்டு, படம் எடுக்க வயல் உண்டு. அப்படியும் நம் பிள்ளை ஆப்பிள் இலையை வைத்து ப்ராஜெக்ட் முடிக்க வேண்டியதில்லை.

தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கலாம். உளுந்தில் மஞ்சள் தேமல் வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது. ஆரம்பத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும். பூஞ்சாண மருந்து அதற்கு உதவாது. பெருமழைக்குப் பின் கரிசலில் தண்ணீர் தேங்கினாலும் இலை வெளிறும், சத்துக் குறைவாலும் வெளிறும். செல்பேசி ‘பூஞ்சாணம்’ என்று சொன்னால் மானாவாரிக்காரர் கடன் வாங்கி மருந்தடிப்பார். மருந்துக்காசு போகும், தேமலும் காடு முழுக்கப் பரவும். 99 சதவீதம் என்று அச்சடித்த தாள் அப்போது அவருக்கு எதற்கு?

வகுப்பில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உடம்பு சரியில்லாத இலைகளை எல்லாம் வகுப்பறைத் தரையில் வைத்தும், நல்ல இலைகளை எல்லாம் செடியிலேயே விட்டும் படம் எடுங்கள். பிறகு படத்தில் இலையைத் தாளால் மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பின்னணியை மட்டும் பார்த்தே சரியாகச் சொல்வார்கள். ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று கேட்டால் பதிலும் அவர்களே சொல்வார்கள். ஏழாம் வகுப்புக்கு இது ஒரு பாடவேளை போதும். மருந்தடித்த வயலுக்குள் மட்டும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் எளிது. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஊர், பயிர், ரகம், விதைத்து எத்தனை நாள், கடைசி மழை என்றைக்கு, இலையில் என்ன தெரிகிறது, நோய் என்று சொன்னது யார். ‘தாத்தா சொன்னார்’ என்று எழுதினாலும் சரி, வேளாண் அலுவலர் பார்த்துச் சொன்னால் அதைத் தனியாகக் குறித்தால் போதும். ‘தெரியவில்லை’ என்று எழுதவும் ஒரு கட்டம் விட்டு வையுங்கள், மறந்துவிடாதீர்கள். பின்னாளில் அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போய்ப் படங்களுக்குப் பெயர் குறிக்கும்போது அந்தக் கட்டம்தான் மிகவும் தேவைப்படும்.

ஐப்பசியில் விதைப்பு முடிந்துவிடும், கார்த்திகையில் உளுந்து இலை விரித்து நிற்கும். நோட்டைத் தொடங்க அதுவே நல்ல நேரம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.