ஒரே சர்வரை நம்பிய நூல்கள்



கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் பியர்-டு-பியர் வலையமைப்பையும், இணையதளங்கள் இயங்கும் எச்டிடிபி நெறிமுறையையும் இணைப்பது பற்றிப் பேசப் பெரியகுளத்தில் இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். தமிழ் நூல்களுக்கு நேர்ந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளையொட்டி 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சிக்கியது. ஸ்கேன் செய்த பழந்தமிழ் நூல்கள் ஏராளமாக இருக்கும் இடம் அது. 2024 அக்டோபரில் சைபர் தாக்குதலால் அதே தளம் நாள் கணக்கில் படுத்துவிட்டது. முதல் தடவை சட்டம், அடுத்த தடவை தாக்குதல். இரண்டிலும் வாசகருக்குக் கதவு மூடியதற்குக் காரணம் ஒன்றே: நூல் ஒரே முகவரியில் இருந்தது.

இத்தனைக்கும் 2012 முதலே அந்தத் தளம் தன் நூல்களைப் பியர்-டு-பியர் முறையிலான டோரன்டாகவும் தருகிறது. அந்த டோரன்ட் கோப்புக்குள் ஆர்க்கைவின் சாதாரண இணைய முகவரியும் ‘வெப் சீட்’ என்ற பெயரில் இருக்கும். நம் கணினி அந்த முகவரியிடம் வழக்கமான எச்டிடிபி ‘கெட்’ கோரிக்கையையே அனுப்புகிறது. முழுக் கோப்பையும் கேட்காமல், இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு என்கிறது. சர்வர் 206 என்ற குறியோடு அந்தத் துண்டை மட்டும் அனுப்புகிறது. மற்ற துண்டுகள் அதே நூலை வைத்திருக்கும் பிற கணினிகளிடமிருந்து வரும். துண்டு எங்கிருந்து வந்தாலும் அதன் ஹாஷ் எனும் கைரேகை சரிபார்க்கப்படுவதால், கொடுத்தவர் யாரென்று கவலைப்பட வேண்டியதில்லை. சர்வரில் ஒரு வரி நிரல்கூட மாற்ற வேண்டாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. டோரன்டும் எச்டிடிபியும் ஜென்மப் பகையாளிகள் என்பது பாடப்புத்தகப் பேச்சு. 2001-இல் பிராம் கோஹன் பிட்டோரன்ட்டை வெளியிட்டபோதே, யாரிடம் எந்தக் கோப்பு இருக்கிறது என்று டிராக்கர் என்ற சர்வரிடம் விசாரிப்பது எச்டிடிபி வழியாகத்தான் நடந்தது.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது பாய்ச்சுவார். அடைத்துவிட்டால் கிணற்று மோட்டாரைப் போடுவார். அந்தக் கிணறு ஊறுவதும் வாய்க்கால் ஓடிய நாட்களில்தான்.

நம் நூல்களைப் பொறுத்தவரை சர்வர்தான் வாய்க்கால், பகிரும் கணினிகள் கிணறுகள்; ஆனால் அந்தக் கிணறுகளை யாரும் வெட்டவில்லை. வெப் சீட் வசதியாக இருப்பதால் தரவிறக்கியவர் வேலை முடிந்ததும் மென்பொருளை மூடிவிடுகிறார். பெயருக்கு டோரன்ட், பகிர ஆளில்லை. சர்வர் விழுந்தால் டோரன்ட்டும் கூடவே விழும். இணைப்பின் பலவீனம் நெறிமுறையில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. இன்னொரு சிக்கலும் உண்டு: ஆர்க்கைவில் ஒரு நூலின் விவரக் குறிப்பைத் திருத்தினாலே புதிய டோரன்ட் உருவாகி, பழையதை வைத்திருப்பவர்கள் தனிக்கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். இதற்குத் தீர்வு சொல்லும் கட்டுரை ஏதேனும் இந்த அரங்கில் வந்தால் முதல் ஆளாகக் கேட்பேன்.

மொபைல் இணைப்பில் இருப்பவரால் நூலைத் தொடர்ந்து பகிரும் பணியை அதிகம் செய்ய முடியாது. ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் பலரை அடைத்து வைத்திருப்பதால், வெளியிலிருந்து வரும் அழைப்பு அவரை எட்டுவதில்லை. ஐபிவி6 பரவப் பரவ இது தளரும். நிலையான முகவரியும் நாள் முழுக்க ஓடும் கணினியும் இன்றைக்குக் கல்லூரிகளிடம் இருக்கின்றன. ஆனால் அங்கேதான் ஃபயர்வால் டோரன்ட்டை அடியோடு தடுக்கிறது. திருட்டுப் படத்துக்குப் பயந்து போட்ட பூட்டு, நாட்டுடைமையாக்கப்பட்ட நூலையும் சேர்த்துப் பூட்டுகிறது.

ஆகவே இங்கே வந்திருக்கும் நூலகர்களுக்கும் கணினித் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். ஒதுக்கி வைத்த பழைய கணினி ஒன்றை எடுங்கள். பதிப்புரிமை முடிந்த நூல்கள், நாட்டுடைமையான நூல்கள், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த நூல்கள் ஆகியவற்றை மட்டும் அதில் நிரப்புங்கள். அந்த ஒரு கணினிக்கு மட்டும் ஃபயர்வாலில் வழிவிடக் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். நூல் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படையுங்கள்; அதற்குத் தொடக்கமாக, இந்தக் கருத்தரங்கம் முடிவதற்குள் முதல் நூறு நூல்களை நீங்கள் தேர்ந்து கொடுங்கள்.