என்ன மதம் என்று கேட்டால்…
(அம்பத்தூரில் மாலை வகுப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணக்கெடுக்க வர்றவர் "என்ன மதம்?" என்பார். நாம வாயைத் திறக்குமுன் "இந்து" என்று எழுதிவிடுவார். அந்த ஒரு சொல்லை மறுத்து நூறாண்டுக்கு முன்பே நின்றவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1898-இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ். "நாங்கள் மதம் மாறவில்லை, நாங்களே பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விடாததால் தாழ்த்தப்பட்டோம்" என்பது அவர் வாதம்.

சங்கம் பெரம்பூருக்கு வந்தது, கோலார் தங்கவயலுக்குப் போனது, இரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை போனது. கொண்டுபோனது யார்? மடாதிபதியா? பிழைக்கப்போன நம்ம ஜனங்கள்! கல்யாணம், சாவு எல்லாவற்றையும் புரோகிதன் இல்லாமல் தாங்களே நடத்தினார்கள்.

சீனத்திலும் இதே கதைதான். ஏழைகள் கூடிய வெண்தாமரை நெறியைக் 'கோணல் வழி' என்றது அரசு. 1796-இல் எழுந்த அந்தக் கலகத்தை அடக்க எட்டாண்டு ஆனது. தானாகக் கூடுகிறவனின் சாமி அதிகாரத்துக்கு எப்பவுமே கோணல்தான்.

"பௌத்தம்னு எழுதினா சர்டிபிகேட் போயிடுமே" என்று பயப்படுறோம். போகாது. 1956-இல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் ஏற்றபின் நடந்த நெடும் போராட்டத்தால், 1990-இல் சட்டம் திருத்தப்பட்டது; பௌத்தரான தலித்தும் பட்டியல் சாதிதான். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு அந்த உரிமை இன்னும் இல்லை. அதற்கும் நாமதான் நிற்கணும்.

எதை எழுதுவது என்பது உங்கள் முடிவு. ஆனால் பேனா அவர் கையில் இருந்தாலும், சொல் நம்முடையதாக இருக்கட்டும்.