கொட்டாஞ்சேனையின் வேலையின்மையை அளந்தவர் யார்?



இலங்கையில் வேலையற்றோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பு தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் உள்ளது. 1990ஆம் ஆண்டின் முதற் காலாண்டு தொடக்கம் அத்திணைக்களம் நடத்திவரும் தொழிற்படை அளவீடு, நாடெங்கும் தெரிந்தெடுக்கப்பட்ட வீடுகளுக்கு உத்தியோகத்தர்களை அனுப்பி, அங்கு வாழ்வோர் கடந்த வாரம் என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டறிந்து, அதிலிருந்து முழு நாட்டுக்குமான ஒரு விகிதத்தைக் கணித்து வெளியிடுகின்றது. பாராளுமன்றமும் மத்திய வங்கியும் பத்திரிகைகளும் எடுத்தாளுவது அந்த விகிதத்தையே. ஆனால் கொழும்பு நகரின் கொட்டாஞ்சேனையில் வேலையற்றோர் எத்தனை பேர், வெள்ளவத்தையில் எத்தனை பேர், களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியில் எத்தனை பேர் என்று கேட்டால் அந்த அளவீட்டில் விடை இல்லை. அது இறங்கி நிற்கும் கடைசிப் படி மாவட்டம். மாவட்டத்துக்குக் கீழே உள்ள ஊர்களைப் பற்றி அது பேசுவதில்லை.

அவ்விகிதம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோர் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றனர். குறித்த ஒரு வாரத்தில் சம்பளத்துக்கோ, இலாபத்துக்கோ, குடும்பத் தொழிலில் சம்பளமின்றியோ ஒரு மணித்தியாலமாவது உழைத்தவர் ‘தொழில் உள்ளவர்’. தொழில் இல்லாமல், கடந்த நான்கு வாரங்களுக்குள் தொழில் தேடி ஏதேனும் ஒரு முயற்சி செய்து, கிடைத்தால் அடுத்த இரு வாரங்களுக்குள் சேர ஆயத்தமாக இருப்பவர் ‘தொழிலற்றவர்’. எஞ்சியோர் பொருளாதார ரீதியில் செயற்படாதோர். முதல் இரு வகையினரையும் கூட்டினால் வருவது தொழிற்படை. அந்தத் தொழிற்படையில் தொழிலற்றோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே வேலையின்மை விகிதம். 1982ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் பதின்மூன்றாவது சர்வதேச மாநாடு வகுத்த நெறியைத் தழுவியே உலக நாடுகள் பலவும் இவ்வாறு கணிக்கின்றன. எனவே ஒரு மணித்தியாலம் என்ற எல்லை எவரையும் ஏமாற்றுவதற்காக இலங்கை கண்டுபிடித்த உபாயம் என்று குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. ஒரு நாட்டில் நடந்த உழைப்பு முழுவதையும் ஒன்றுவிடாமல் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்பதே அவ்வெல்லையின் நோக்கம்.

நோக்கம் சரியாயினும், புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமந்து கூலி பெறும் நாட்டாமை ஒருவரின் வாழ்வில் அந்த எல்லை என்ன செய்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறக்குமதி குறைந்து, லொறிகள் வராமற்போன ஒரு வாரத்தில், ஆறு நாள் காத்திருந்து ஒரே நாளில் இரண்டு மணித்தியால வேலை மட்டும் கிடைத்தவரும், அரச அலுவலகத்தில் வாரம் நாற்பது மணித்தியாலம் கடமையாற்றி மாத முடிவில் நிலையான சம்பளம் பெறுபவரும் கணக்கில் ஒரே கூட்டத்தினர். வாரத்தில் நாற்பது மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைத்து, மேலும் உழைக்க ஆயத்தமாக இருப்போரைக் கீழுழைப்பாளர் என்று தனியாக எண்ணும் முறையும் திணைக்களத்திடம் இருக்கின்றது. எனினும் அந்த எண் பொதுப்பேச்சுக்குள் வருவதே இல்லை. இந்நாட்டில் தொழில் செய்வோரில் அரைப்பங்குக்கு மேற்பட்டோர் நியமனக் கடிதமோ ஊழியர் சேமலாப நிதியோ இல்லாத முறைசாராத் துறையில் இருக்கின்ற நிலையில், தொழில் உண்டா இல்லையா என்ற ஒரேயொரு கேள்வியின் விடையை வைத்து ஒரு குடும்பத்தின் நிலையை மதிப்பிடுவது பெருங்குறையாகும்.

இக்குறை வெளிப்படையாகத் தெரிந்த ஆண்டு 2022 ஆகும். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஆண்டு முடிவில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தது. அதே ஆண்டில் வேலையின்மை விகிதம் 5.1 சதவீதத்திலிருந்து 4.7 சதவீதமாகக் குறைந்தது. இவ்வெண்ணில் பொய்யில்லை, அது விகிதமாதலால் அவ்வாறு நடந்தது. தொழிற்படையை விட்டு விலகும் தொழிலற்றவர் மேற்கணக்கிலிருந்தும் கீழ்க்கணக்கிலிருந்தும் ஒருசேர நீங்கிவிடுகின்றார். தேடித் தேடிச் சலித்துத் தேடுவதையே நிறுத்தியவரும், பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றுவிடும் என்று வீட்டில் தங்கிய பெண்ணும் ‘செயற்படாதோர்’ ஆகின்றனர். விமானம் ஏறியவரோ அளவீட்டின் எந்த வகையிலும் இல்லை, அவ்வாறு அந்த ஓராண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குச் சென்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

2019க்கும் 2023க்கும் இடைப்பட்ட மாற்றத்தை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 2019இல் விகிதம் 4.8, 2023இல் 4.7, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் நான்கு ஆண்டுகளில் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவு செய்வார். ஆனால் தொழிற்படையில் பங்குகொள்வோர் அதே காலத்தில் 52.3 சதவீதத்திலிருந்து 48.6 சதவீதமாக வீழ்ந்தனர். பதினைந்து வயதைக் கடந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், 2019இல் அவர்களுள் ஏறத்தாழ 498 பேர் ஏதோவொரு தொழிலில் இருந்தனர். 2023இல் ஏறத்தாழ 463 பேர் மட்டுமே இருந்தனர். ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பேர் தொழிலிலிருந்து மறைந்துபோக, வேலையின்மை விகிதம் அசையாமல் நின்றது. தொழிலில் உள்ளோரின் பங்கும் விகிதத்தின் பக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்பட்டிருந்தால், நாடு தன் காயத்தின் ஆழத்தை அன்றே கண்டிருக்கும்.

இனி ஊர் மட்டத்துக்கு வருதல் வேண்டும். அண்மைய ஆண்டுகளில் அளவீட்டுக்குத் தெரிந்தெடுக்கப்படும் வீட்டு அலகுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,750. இருபத்தைந்து மாவட்டங்களுக்கு அவை பங்கிடப்படுகின்றன. கொழும்பு மாவட்டத்தில் பதின்மூன்று பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவிலும் வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவிலும் அடங்குகின்றன. ஒரு பிரிவிலிருந்து தொழிற்படையினர் 300 பேர் மாதிரிக்குள் வந்தார்கள் என்றும், அவர்களில் பன்னிரண்டு பேர் தொழிலற்றவர் என்றும் கொள்வோமாயின் விகிதம் நான்கு சதவீதம். ஆனால் சிறு மாதிரி தற்செயலாக விளைவிக்கும் தடுமாற்றமாகிய மாதிரிப் பிழையைச் சேர்த்துக் கணித்தால், உண்மை விகிதம் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம், ஆறு சதவீதத்துக்கு மேலாகவும் இருக்கலாம். இவ்வளவு அகன்ற இடைவெளியுள்ள ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றை எங்கே திறப்பது என்று தீர்மானிக்க இயலாது. திணைக்களம் ஊர் மட்ட எண்ணை வெளியிடாமல் இருப்பதற்கு அலட்சியம் காரணமன்று, கணக்கியல் நேர்மையே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாவட்ட எல்லையும் தன் பங்குக்கு உண்மையை மறைக்கின்றது. களனி கங்கையின் தென்கரையில் மட்டக்குளியும் கிராண்ட்பாஸும் கொழும்பு மாவட்டம். வடகரையில் பேலியகொடையும் களனியும் வத்தளையும் கம்பஹா மாவட்டம். காலையில் பாலத்தைக் கடந்து வந்து துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் உழைத்து மாலையில் திரும்பும் மக்களுக்கு அக்கங்கை ஒரே ஊரின் நடுவே ஓடும் நீர். புள்ளிவிபரத்துக்கோ அது இரண்டு அட்டவணைகளைப் பிரிக்கும் கோடு. எண்ணிக்கை வசிப்பிடத்தின்படி நடப்பதால், கொழும்பில் மூடப்படும் களஞ்சியசாலையின் வேலையிழப்பு கம்பஹாவின் கணக்கில் விழக்கூடும். தென்கரைக்குள்ளேயே, கறுவாத்தோட்டத்து மாளிகையும் புளூமெண்டால் தோட்டத்து ஓரறை வீடும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொவிட் தொற்றுப் பரவியபோது, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் உள்ளிட்ட வட கொழும்புப் பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்கின் கீழ் வாரக்கணக்கில் அடைபட்டன. நாட்கூலிக்குச் செல்வோர் அடர்ந்து வாழும் இப்பகுதிகளில் அடுப்பெரிந்த வீடுகள் எத்தனை, கடன் வாங்கிய வீடுகள் எத்தனை என்பதைத் தொழிற்படை அளவீடு கூறவில்லை. ஊரடங்கில் வேலை தேட வழியில்லை. தேடாதவர் தொழிலற்றவராக எண்ணப்படுவதில்லை. தற்காலிகமாகத் தொழிலுக்குச் செல்லாத சுயதொழிலாளரோ தொழில் உள்ளவராகவே எண்ணப்படுகின்றார். அவ்வாண்டுக்கான தேசிய விகிதம் 5.5 சதவீதம். மேலும், மாதிரி என்பது வீடுகளின் மாதிரி. விடுதிகளைப் போன்ற நிறுவன இருப்பிடங்கள் அதற்குள் வாரா. மலையகத்திலிருந்து வந்து கடையின் மேல்மாடியிலேயே படுத்துறங்கி உழைக்கும் இளைஞரின் கதவை அத்தகைய மாதிரி தட்டுவது அரிது.

வெள்ளவத்தையின் கதை வேறு. அங்கே பட்டம் பெற்றும் க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தும் தகுதிக்கேற்ற பணிக்காகவோ வெளிநாட்டு விசாவுக்காகவோ காத்திருக்கும் இளையோர், கடல் கடந்த உறவினர் அனுப்பும் பணத்தின் துணையால், கிடைத்த வேலையை ஏற்க வேண்டிய நெருக்கடியின்றி இருக்கின்றனர். 1971ஆம் ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேச தொழில் தாபனத்தின் குழு, வேலையின்மைக்குப் பல முகங்கள் உண்டு என்றும், கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் தரும் வாய்ப்புக்கும் இடையிலான விலகலும் அவற்றுள் ஒன்று என்றும் எடுத்துரைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அக்கூற்று மங்கவில்லை: 2019இல் ஆண்களின் வேலையின்மை 3.3 சதவீதமாயிருக்கப் பெண்களது 7.4 சதவீதமாயிருந்தது, பதினைந்து முதல் இருபத்துநான்கு வயதுக்குட்பட்ட தொழிற்படையினரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தொழிலற்றோர்.

ஓர் எண்ணே போதும் என்ற எண்ணத்தை இந்தியா 1970களிலேயே கைவிட்டது. தாந்த்வாலா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து அங்கு வழக்கமான நிலை, வார நிலை, நாள் நிலை என மூன்று அளவைகள் ஏற்பட்டன. நாள் நிலையில் ஒருவரின் வாரம் அரை நாட்களாகப் பகுக்கப்பட்டு, வேலை கிடைத்த அரை நாட்களும் கிடைக்காத அரை நாட்களும் தனித்தனியே எண்ணப்பட்டன. கொட்டாஞ்சேனையின் நாட்கூலியாளருக்குப் பொருந்தும் அளவை அதுவே.

ஊர் மட்டத்துக்கான வழியும் இந்நாட்டில் ஏற்கெனவே நடந்து பார்க்கப்பட்ட வழிதான். வறுமையை அளக்கும் வீட்டுச் செலவின ஆய்வும் சிறு மாதிரியே. எனினும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் உலக வங்கியோடு இணைந்து, அந்த ஆய்வில் கண்ட தொடர்புகளைக் குடிசன மதிப்பீட்டின் முழுமையான தரவுகளோடு பொருத்தி, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வறுமை வரைபடங்களை வெளியிட்டுள்ளது. சிறுபரப்பு மதிப்பீடு என வழங்கும் அம்முறையை வேலையின்மைக்கும் கீழுழைப்புக்கும் கையாளுவதற்கு ஏற்ற காலம் இது. ஏனெனில் 2024 ஒக்டோபரில் தொடங்கிய குடிசன மதிப்பீட்டின் தரவுகள் இன்னும் பழமையடையவில்லை. வட கொழும்பையும் களனிக் கரையின் இருபுறத்தையும் ஒரே தொழிற்சந்தையாகக் கொண்டு, அதாவது மக்கள் வசிக்கும் இடத்தையும் உழைக்கும் இடத்தையும் சேர்த்து நோக்கி, முதல் மதிப்பீட்டை அங்கிருந்தே தொடங்கலாம். பிரதேச செயலகங்களில் புள்ளிவிபர உத்தியோகத்தர்கள் பணியில் இருக்கின்றனர். கிராம உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு தோட்டத்தையும் ஒழுங்கையையும் அறிவர். இவ்வவையில் வீற்றிருக்கும் மாநகர சபையின் முன்னாள், இந்நாள் உறுப்பினர்களும், சங்கங்களின் பொறுப்பாளர்களும் எழுத்து மூலம் கோர வேண்டியவை மூன்றே: தொழிலில் உள்ளோரின் பங்கை வேலையின்மை விகிதத்தோடு சேர்த்து அறிவித்தல், உழைத்த மணித்தியாலங்களையும் பெற்ற கூலியையும் மாவட்ட வாரியாக அதே பக்கத்தில் தருதல், பிரதேச செயலகப் பிரிவுக்கான மதிப்பீட்டை அதன் பிழை எல்லையோடு வெளியிடுதல்.