ஒரே மலை, பல வழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம திருத்தணி மலைக்கு 365 படியும் உண்டு, வண்டி போற பாதையும் உண்டு. வேண்டுதல் உள்ளவங்க படியேறுறாங்க, முழங்கால் வலிக்காரங்க வண்டியில போறாங்க. சந்நிதி ஒன்றுதான். இணையத்தில் பலர் கூடிப் பேசும் இடங்களுக்கும் இப்படிப் பல வழிகள் இருந்தன. அதில் ஒன்று அடைபட்ட கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ரெடிட் 2005-இல் தொடங்கியது. அதைச் செல்போனில் படிக்க வெளியார் பலர் செயலி எழுதினார்கள். பேச்சு ரெடிட்டின் கணினியில் இருக்கும், ஏ.பி.ஐ. என்ற பின்வாசல் வழியாகச் செயலி அதைக் கேட்டு வாங்கி, தன் பாணியில் காட்டும். 2023 ஏப்ரலில் அந்த வாசலுக்குக் கட்டணம் வரும் என்றார்கள். 'அப்போலோ' செயலியை எழுதிய கிறிஸ்டியன் செலிக், தனக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார். ஜூன் 12-இல் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்து எதிர்ப்புக் காட்டின. பலனில்லை. ஜூன் 30-இல் அப்போலோ நின்றது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அவங்க செலவுல அடுத்தவர் சம்பாதிக்கிறதை எத்தனை நாள் பார்த்துக்கிட்டிருப்பாங்க? ஆனால் பார்வையற்றோர் குழு எழுப்பிய கேள்வி வேறு. ரெடிட்டின் சொந்தச் செயலி, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு சரிவர ஒத்துப்போகவில்லை. வெளியார் செயலிதான் எங்களுக்கு வழி என்றார்கள். அதன்பிறகே 'ரெட்ரீடர்' போன்ற, லாப நோக்கில்லாத சில செயலிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

நம்ம செட் நண்பர் ஒருத்தர் பார்வை இழந்தவர். இந்தக் கதையைச் சொன்னதும், "சலுகையை நாளைக்கு நிறுத்திட்டா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரலை.

1980-இல் வந்த யூஸ்நெட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. அதற்கு முதலாளி கிடையாது. செய்தி பரிமாறும் விதிமுறை 1986-இல் அச்சாகி எல்லோர் கைக்கும் வந்தது. யார் வேண்டுமானாலும் படிப்பான் எழுதலாம். வெளிநாட்டுத் தமிழர்கள் அங்கே சோக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழுவில் பேசிக்கொண்டார்கள். இன்று மாஸ்டடான், லெம்மி இரண்டும் அதே போக்கில், 2018-இல் பொதுத் தரமான ஆக்டிவிட்டிபப் விதியில் ஓடுகின்றன. கூட்டம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

கணினி அறிவியல் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால், தமிழில் வாசித்துக் காட்டும் சின்னச் செயலி ஒன்றை அதற்கு எழுதிப் பார்க்கலாம். நண்பர் இன்னைக்கு வந்திருக்கார். சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் இருப்போம், வாங்க.