அரசன் கட்டாத பாலங்கள்



பொழுது பட்டபின் சம்பூர்க் கடற்கரையில் நின்றால் எதிரே திருகோணமலையின் விளக்குகள் தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம் போலத் தோன்றும். நடுவில் கிடப்பது கொட்டியாரக் குடா. இந்தக் கரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நள்ளிரவில் நோவு கண்டால், அந்த வெளிச்சத்தின் அடியில் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? இன்றைய பேச்சின் பொருள் அவ்வளவுதான். வீதிக்கும் பாலத்துக்கும் படகுக்கும் ரயிலுக்கும் நாடு காசு போட வேண்டுமா என்று கொழும்பில் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்கான விடை இந்தக் குடாவின் இரண்டு கரைகளுக்கும் நடுவில் கிடக்கிறது.

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1659 இல் 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, பழுது பார்ப்பதற்காக இதே கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரம் போட்டது. கப்டனையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் காய்ச்சலில் அங்கேயே செத்தார். மகன் ஏறக்குறைய இருபது வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து, தப்பி, 1681 இல் லண்டனில் ஒரு புத்தகம் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தில் ஒரு செய்தி இருக்கிறது. அரசன் ஆறுகளுக்குப் பாலம் போட விரும்பவில்லையாம். தன் நாடு லேசாகப் போய்வரக்கூடியதாக இருக்கக்கூடாது, வழி தெரியாத காடாகக் கிடப்பதே தனக்குக் காவல் என்பது அவனுடைய கணக்காம்.

அரசனுக்காவது ஒரு சாட்டு இருந்தது. கடலோரத்தில் ஒல்லாந்தன் பீரங்கியோடு நின்றான். ஆனால் அந்த அரசன் 1687 இல் செத்துப்போனான். அவனோடு சேர்த்து எரிந்திருக்க வேண்டிய கணக்கு, கொட்டியாரத்தில் மட்டும் இன்னும் முந்நூறு வருடம் உயிரோடு கிடந்ததே, அதற்கு என்ன சாட்டு?

இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி. மலையில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி, கடைசியில் இந்தக் குடாவில்தான் கடலில் விழுகிறது. விழும் இடத்தில் கிளை கிளையாகப் பிரிந்து விழுகிறது. ஆகவே திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற ஏ-15 வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை தண்ணீர். உலகத்தில் எல்லோருக்கும் 'பாதை' என்றால் தரையில் கிடப்பது. கிழக்கு மாகாணத்தில் மட்டும் 'பாதை' என்றால் தண்ணீரில் மிதப்பது! பஸ் வந்து துறையில் நிற்கும். சனம் இறங்கும். பாதை அக்கரையில் நிற்கும். அது திரும்பி வரும்வரை வெயிலில் நின்று, பிறகு ஏறி, அடுத்த கரையில் வேறு பஸ் பிடித்து, அடுத்த துறையில் மறுபடியும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கந்தளாயைச் சுற்றிப் போக வேண்டும். இந்தக் கூட்டத்தில் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20 இல் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். நாட்டின் மிக நீளமான பாலம் என்று அன்று பெருமையாகச் சொன்னார்கள். காசு சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடன். அதன் பிறகு மற்றத் துறைகளுக்குப் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகத்தின் கடனில் பாலங்கள் வந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடு சுதந்திரம் பெற்று 61 வருடம் கழித்து, நானூறு மீற்றர் தண்ணீரைக் கடந்திருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெள்ளைக்காரன் 1927 இலேயே ரயில் விட்டுவிட்டான். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளையும் அவனே கட்டினான். 99 தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. அவனுக்குத் தேவை கடற்படைக்கு எண்ணெய். ஆகவே தண்டவாளம் வடகரைக்குப் போயிற்று. தென்கரையில் இருந்தது நெல்லும் மீனும் சனமும். அதற்குப் பாதை போதும் என்று விட்டான். அவன் விட்டதை அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே விட்டார்கள்.

இனிச் சம்பூருக்கு வருவோம்.

2006 ஏப்ரலில் விமானக் குண்டு விழுந்தது. சனம் ஓடியது. செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. 2007 இல் வர்த்தமானி போட்டு உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள். கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் தகரக் கொட்டிலுக்குள் ஒரு தலைமுறை வளர்ந்தது. சனம் முகாமில் இருக்கும்போதே அதன் காணிக்கு வரைபடங்கள் வந்தன. இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் அனல் மின்நிலையம் என்று 2011 இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 818 ஏக்கரைக் கைத்தொழில் வலயம் என்று ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். சனம் விடவில்லை. வழக்குப் போட்டது, வீதியில் இருந்தது. 2015 இல் அந்த 818 ஏக்கர் திரும்பி வந்தது. 2016 இல் கடற்படை முகாம் இருந்த காணியும் வந்தது. அதே வருடம் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம். 2025 ஏப்ரல் 5 இல் ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் கொழும்பில் இருந்தபடியே காணொளி வழியாகச் சம்பூரில் 120 மெகாவாட் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள்.

நிலக்கரிப் புகையைவிட வெயில் நல்லது. அதில் சண்டை இல்லை. ஆனால் அடுத்த நாள் நடந்ததையும் பாருங்கள். ஏப்ரல் 6 இல் அதே பிரதமர் அநுராதபுரத்திலிருந்து நேரே இராமேஸ்வரம் போய்ப் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளம்; 550 கோடி இந்திய ரூபாய்; 1914 இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பதிலாக நிற்கிறது. இராமேஸ்வரம் ஒரு தீவு. அங்கே கோயிலும் மீனும் உண்டு. அந்தத் தீவுக்குக் கடலுக்கு மேலே ரயில் போக வேண்டும் என்பதில் அந்த நாட்டில் இரண்டு பேச்சு இல்லை. இங்கே மட்டும் ஒரு வரைபடம் வந்தால் அதில் மின்கம்பி இருக்கும், வேலி இருக்கும், காவற்கூடு இருக்கும். கம்பி சம்பூரிலிருந்து வெளியே போகும். சம்பூர்க்காரர் வெளியே போகிற வழி அதில் இருக்காது.

"காசு எங்கே? நாடு 2022 இல் வங்குரோத்தானது தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியும். எப்படி ஆனது என்பதிலும் ஒரு பங்கு தெரியும். அம்பாந்தோட்டையில் கடன் வாங்கித் துறைமுகம் கட்டினார்கள். கப்பல் வரவில்லை. 2017 இல் 112 கோடி டொலருக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பக்கத்தில் மத்தளையில் 2013 இல் விமான நிலையம் திறந்தார்கள். 20 கோடி டொலருக்கு மேல் செலவு. விமானம் வராததால் அங்கே நெல்லைக் கொண்டுபோய்ச் சேமித்தார்கள். கமக்காரர் நிறைந்த கூட்டம் இது. உலகத்தில் அதைவிட விலை கூடிய நெற்களஞ்சியம் எங்காவது உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்! மறுபக்கம், கொழும்பு நெரிசலுக்கு யப்பான் குறைந்த வட்டியில் தரவிருந்த இலகு ரயிலை 2020 இல் வேண்டாம் என்று தள்ளினார்கள்.

ஆகவே நாடு போக்குவரத்தில் காசு போட்டதால் கெட்டது என்பது முழுப்பொய். சனம் போகாத இடத்துக்குக் காசு போட்டது, சனம் போகிற இடத்துக்குப் போடவில்லை. தெற்கு அதிவேக வீதியில் காலிக்குப் போகிறவர்கள் பயன் பெறுகிறார்கள், நல்லது. மட்டக்களப்பு மண்முனையில் 2014 இல் யப்பானின் உதவியோடு 210 மீற்றர் பாலம் வந்தது. படுவான்கரையின் பிள்ளைகள் பாதைக்குக் காத்து நிற்பது ஒழிந்தது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்தபின் பூநகரிக்காரர் யாழ்ப்பாணம் போக ஆனையிறவைச் சுற்ற வேண்டியதில்லை. இவற்றில் ஒன்றும் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. காசு போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த இடத்தை இன்று எத்தனை பேர், எவ்வளவு கஷ்டப்பட்டுக் கடக்கிறார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி. பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதியது கட்டத் தொடங்கினார்கள். அதுவரை சனம் போக இழுவைப் படகு ஒன்று. 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகிற நேரம், அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர் போயிற்று. பெரும்பாலும் பள்ளிச் சிறுவர்கள். சீருடையோடு போன பிள்ளை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்குள் கிடப்பதை உம்மாமார் பார்த்தார்கள். நூற்றாண்டு பழைய சங்கதி அல்ல இது. கையில் திறன்பேசி உள்ள காலத்தில் நடந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பாலம் வருடக்கணக்கில் அரைகுறையாகவே நின்றது. அரசன் இராஜசிங்கன் பாலம் கட்டவில்லை. ஆனால் இருந்த பாலத்தைக் கழற்றவும் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது? வீதிக்கு மூன்று சொந்தக்காரர். ஏ, பி வீதிகள், நாடு முழுக்கச் சுமார் 12,000 கிலோமீற்றர், வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி வீதிகள் மாகாணத்துக்கு. மிச்ச ஒழுங்கை, குறுக்குத் தெரு, வயல் வீதி எல்லாம் பிரதேச சபைக்கு. மேலே உள்ளவரிடம் காசு இருக்கும், கீழே உள்ள வீதி தெரியாது. கீழே உள்ளவருக்கு வீதி தெரியும், காசு இராது. சூடைக்குடாவில் விடியற்காலை மீன் ஏற்றிய பட்டா வாகனம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஐஸ் பெட்டி ஒருபக்கம் சரியும். சாரதி இறங்கி அதை நிமிர்த்திக் கட்டி, இன்னும் மெதுவாக ஓட்டுவார். பிரதான வீதியில் ஏறுவதற்குள் ஐஸ் பாதி தண்ணீர். சந்தையில் வியாபாரி செவிளைத் தூக்கிப் பார்த்து விலையைக் குறைப்பார். அந்தக் குறைந்த காசு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் வராது. ஆனால் அது வரிதான். கெட்ட வீதி தினமும் அறவிடுகிற வரி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூரிலும் வெருகலிலும் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. நாடு முழுக்க நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அதில் மிகப் பெரிய பங்கு வீதி, பாலம், ரயில், குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கே. இனித் திருத்துவதற்குக் காசு வரத்தான் போகிறது. உடைந்ததை உடைந்த மாதிரியே திரும்பக் கட்டினால் அடுத்த மாரிக்கு மறுபடியும் உடையும். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது ஈ. சிறீதரன் என்ற பொறியியலாளர் 46 நாளில் அதைத் திரும்ப ஓடவிட்டார். மனம் இருந்தால் நாட்கணக்கில் நடக்கும். மனம் இல்லாவிட்டால் குறிஞ்சாக்கேணி.

கடைசியாகக் கடல். ஏ-15 பாலங்கள் வந்தபின் சனம் பஸ்ஸுக்கு மாறியது. லோஞ்சின் காலம் மங்கியது. ஆனால் வெள்ளம் வீதியை அறுத்தால் மிஞ்சுவது கடல்வழி ஒன்றே. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவில் 2017 முதல் 'ஆதித்யா' என்று ஒரு படகு ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். டீசல் இல்லை, கூரையில் சூரியத் தகடு. கொச்சியில் 2023 இல் தீவுகளுக்கு மின்படகு மெட்ரோவே விட்டார்கள். "அது காயல், இது கடல், வாடைக்காற்றுக்கு அந்தப் படகு தாங்காது" என்று மீனவப் பெரியவர்கள் சொல்வார்கள். சரியான பேச்சு. கொட்டியாரத்து அலைக்கு ஏற்ற படகு வேண்டும். அதை வடிவமைக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். 120 மெகாவாட் வெயிலை நாட்டுக்குக் கொடுக்க இருக்கிற ஊர், மூதூர் இறங்குதுறையிலிருந்து ஒரு படகு ஓடுமளவு மின்சாரத்தைத் திருப்பிக் கேட்டால் அது பேராசையா?

கோரிக்கை நான்கு. குறிஞ்சாக்கேணிப் பாலம் முடிய வேண்டும். சம்பூரில் காணி எடுக்கிற எந்தத் திட்டமும் முதல் கல்லை வீதியில் வைக்க வேண்டும். மூதூர்–திருகோணமலைப் பயணிகள் படகு அரச சேவையாக ஒழுங்காக ஓட வேண்டும். பிரதேச சபை வீதிகளின் பராமரிப்புக்கு வருடாவருடம் தனி நிதி வேண்டும்.

போகும்போது வாசலில் மேசையும் தாளும் இருக்கின்றன. வெறும் கையெழுத்து வேண்டாம். உங்கள் ஒழுங்கையின் பெயர், மாரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது, மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பிரதேச செயலகத்துக்கு அந்தத் தாள்கள்தான் போகின்றன.